கேட்கிறவனைக் கேட்கிறவள்

சில்க்போர்க் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், கிழவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றி, அவர்கள் சொல்லும் ஒரே கதையை ஒவ்வொரு நாளும் புதுக்கதை போலக் கேட்டுக்கொண்டிருப்பது இரத்தினசிங்கத்தின் வேலை. குடியில்லை, சீட்டில்லை, வீண் சண்டை இல்லை. அவரிடம் ஒரேயொரு கிறுக்கு மட்டும் இருந்தது. தொலைபேசியில் கதைக்கும்போது மறுமுனையில் இருப்பவரோடு மட்டுமல்ல, நடுவில் இருப்பவனோடும் கதைப்பார்.

நடுவில் ஒருவன் இருக்கிறான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. டென்மார்க்குக்கு வந்த புதிதில் ஒருநாள் தொலைபேசியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வேறு யாராவது என்றால் பயந்துபோய் வைத்திருப்பார்கள். இரத்தினசிங்கம், "ஆர் தம்பி, தமிழோ?" என்று கேட்டார். பதில் வரவில்லை. அதுவே அவருக்குப் போதுமான அத்தாட்சியாகிவிட்டது. தமிழ் விளங்காதவன் என்றால் 'என்ன?' என்றாவது கேட்டிருப்பானே என்பது அவருடைய வாதம்.

அன்றிலிருந்து அந்தத் தம்பி வீட்டில் ஒருவனாகிவிட்டான். அவனுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இரத்தினசிங்கம் எப்போதும் ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்திவிட்டுத்தான் கதைப்பார். டோஸ்ட்ருப்பில் இருக்கும் சிநேகிதர் அந்தோனிதாசன் ஊர்ப்புதினத்தை வேகமாகச் சொல்லிக்கொண்டு போனால், "தாசன், கொஞ்சம் பொறு, தம்பி எழுதி முடிக்கட்டும்" என்று மறிப்பார். கஷ்டமான சொல் வந்தால் விளக்கமும் கொடுப்பார். எதையாவது பிழையாக மொழிபெயர்த்து வைத்து, நாளைக்கு யாராவது ஒரு அப்பாவி அதனால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

மற்றச் சனங்கள் தங்களையும் யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்துப் பயந்து, பூடகமாகக் கதைத்துப் பழகிய காலம் அது. இவரோடு கதைத்தால் பூடகத்துக்கும் அருஞ்சொற்பொருள் சொல்லிவிடுவார் என்பதால், பலர் இவருக்குத் தொலைபேசி எடுப்பதையே விட்டுவிட்டார்கள். அந்தோனிதாசன் மட்டும் விடவில்லை. அவருக்கும் வேறு ஆளில்லை.

வன்னியிலிருந்து எப்போதாவது இரத்தினசிங்கத்தின் தங்கச்சி ஞானேஸ்வரி கதைப்பாள். புருஷன் இல்லை. நிலக்சி என்று ஒரே பெண்பிள்ளை. ஞானேஸ்வரியின் கதையில் பாதி பக்கத்து வீட்டு றோசைப் பற்றியதாக இருக்கும். றோசின் கோழி இவளுடைய பயிர்க்கன்றைக் கொத்தியது, இவள் கல்லெறிந்தாள், கோழிக்குக் கால் போனது, இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அதையெல்லாம் ஞானேஸ்வரி ஆவேசமாகச் சொல்லிக்கொண்டு போகையில் தமையன் இடையில் புகுந்து, "தம்பி, றோஸ் எண்டது பூ இல்லை. பக்கத்து வீட்டுப் பொம்பிளை. தையல்காரி. பூ எண்டு எழுதிப் போடாதை" என்றார்.

"அண்ணை, ஆரோடை கதைக்கிறியள்?" என்று அவள் கேட்டாள்.

"அது இஞ்சை ஒரு தம்பி. நீ சொல்லு."

போர் முடிகிற அந்த மே மாதத்தில் ஞானேஸ்வரியின் கடைசி அழைப்பு வந்தது. யாருடைய தொலைபேசியோ, யார் இரங்கிக் கொடுத்ததோ தெரியாது. பின்னால் சனங்களின் இரைச்சல். "அண்ணை, நேரமில்லை. பிள்ளையை றோ..." என்றாள். தகரத்தை உலுப்பியது போல ஒரு சத்தம் இடையில் விழுந்தது. "...விட்டிட்டன் அண்ணை" என்பது மட்டும் பிறகு கேட்டது. அதோடு அறுந்துபோனது.

ஆனி மாதத்தில், முகாமுக்கு வந்து சேர்ந்த ஒருவர் மூலம் ஞானேஸ்வரி இல்லை என்ற செய்தி வந்தது. பிள்ளையைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரத்தினசிங்கத்தின் காதுக்குள் 'பிள்ளையை றோட்டிலை விட்டிட்டன்' என்ற வாசகம் குடியேறிவிட்டது. றோட்டில் என்றால் எந்த றோட்டில்? உயிரோடா? தாய் ஒருத்தி என்ன நிலையில் பெற்ற பிள்ளையை றோட்டில் விடுவாள்? கிழவர்களுக்குத் தலை துவட்டும்போது அவருக்குக் கண்ணீர் வரும். அவர்களோ தங்கள் கதைக்காகத்தான் இவர் அழுகிறார் என்று நினைத்து, இன்னும் உருக்கமாகச் சொல்வார்கள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழும்பினார்.

"இஞ்சாரும், தம்பியிட்டை இருக்கும்!"

மனைவி புஷ்பராணிக்கு விளங்கவில்லை. "என்னது?"

"ஞானம் கதைச்சது. ஒட்டுக்கேக்கிறவங்கள் பதிவு செய்யாமலே கேப்பாங்கள்? திருப்பிப் போட்டுப் பாத்தால் அவள் என்ன சொன்னவள் எண்டு தெரிஞ்சிடுமெல்லே!"

அதன்பிறகு எடுக்கிற அழைப்பிலெல்லாம் தம்பியிடம் மன்றாட்டம்தான். "தம்பி, உனக்கும் ஒரு தங்கச்சி இருப்பாள். ஒருக்கால் போட்டுப் பார் ராசா." பல் வைத்தியரிடம் நேரம் கேட்டு எடுத்த அழைப்பிலும் நடுவில் தமிழில் கெஞ்சினார். அங்கே தொலைபேசி எடுத்த டெனிஷ் பெண், போன தடவை போட்ட விறைப்பு மருந்து இன்னும் இறங்கவில்லைப்போலும் என்று பயந்து, அவரை உடனே வரச் சொன்னாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் மகள் ஜெனனிக்கு அந்த அழைப்பு வந்தது. ஜெனனி சட்டத்தரணி. கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் தனியாக இருந்தாள். 'என்னை அரசாங்கம் ஒட்டுக்கேட்கிறது' என்று முறையிடும் சனங்களின் முறைப்பாடுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு சபை இருந்தது. அதில் ஓர் இடம் காலியாகி நெடுநாளாகியும் ஆள் அகப்படவில்லை. வர விரும்பியவர்கள் பொருந்தவில்லை. பொருந்தியவர்கள் வர விரும்பவில்லை. கடைசியில் யாரோ ஜெனனியின் பெயரைச் சொல்ல, விண்ணப்பிக்கும்படி அவளைக் கேட்டார்கள்.

நிபந்தனைதான் பெரிய வேடிக்கை. ஒட்டுக்கேட்கப்படுகிற சனங்களின் வாழ்க்கையை விண்ணப்பதாரி நன்றாக அறிந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு நெருங்கியவர் எவரும் ஒட்டுக்கேட்கப்படுபவராக இருக்கக் கூடாது. யார் ஒட்டுக்கேட்கப்படுகிறார் என்பதோ அரச இரகசியம். ஆகவே தனக்குத் தகுதி இருக்கிறதா என்பது விண்ணப்பதாரிக்கே தெரியக் கூடாது. இப்படி ஒரு சட்டத்தை எழுதியவர் நிம்மதியாகத் தூங்கித்தான் இருப்பார்.

ஜெனனி தொலைபேசியில் விசயத்தைச் சொன்னதும் இரத்தினசிங்கம் துள்ளினார். "தம்பி, கேட்டியே? உனக்கு மேலை ஆள் வருது!" என்று நடுவிலிருந்தவனுக்கு அறிவித்துவிட்டு, உடனே அந்தோனிதாசனுக்கு எடுத்தார்.

"என்ன வேலை அண்ணை அது?"

"கேக்கிறவனைக் கேக்கிற வேலை."

அந்தோனிதாசன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவையை ஆர் அண்ணை கேக்கிறது?"

"அது வேறை சபையாயிருக்கும்."

தகப்பன் என்ன செய்யப் போகிறார் என்பது ஜெனனிக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தச் சபைக்கே முறைப்பாடு எழுதுவார். கோபம் வந்தால் டெனிஷில்தான் பேசுவாள் அவள். "நியமனம் முடியும்வரை ஒன்றும் எழுதாதீர்கள், அப்பா" என்று அந்த மொழியில் கண்டிப்பாகச் சொன்னாள். அவரும் சரி என்றார். சொல்லும்போது மனமார்ந்துதான் சொன்னார்.

ஆளைச் சேர்ப்பதற்கு முன் பின்னணி பார்க்க வேண்டுமாம். ஒட்டுக்கேட்கிறவர்களை விசாரிக்கப் போகிற பெண் யோக்கியமானவளா என்று ஒட்டுக்கேட்கிறவர்களே வந்து பார்ப்பார்களாம். ஒரு பின்னேரம் சாம்பல் நிறச் சட்டை போட்ட இருவர் சில்க்போர்க் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் கிழவர், மற்றவர் வாலிபர். இரத்தினசிங்கம் சம்பந்தி வீட்டார் வந்தது போல ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"உங்களில் என்னுடையவர் யார்?" என்று டெனிஷில் ஆவலோடு கேட்டார்.

அவர்களுக்கு விளங்கவில்லை. புஷ்பராணி சுடச்சுட வடையும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். கிழவர் மகளைப் பற்றிக் கேட்டார். கடன் உண்டா, குடிப்பாளா, எளிதில் வசப்படுகிறவளா? புஷ்பராணி பெருமூச்சு விட்டாள். வசப்படுகிறவளாக இருந்தால் எப்போதோ கலியாணம் முடிந்திருக்குமே என்றாள். வாலிபர் அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு இரத்தினசிங்கம் தன் காரியத்துக்கு வந்தார். மே மாதத்தில் வந்த அழைப்பு, தங்கச்சியின் குரல், நடுவில் விழுந்த சத்தம், எல்லாம் சொன்னார். "பதிவு உங்களிடம் இருக்கிறதா?"

"அதை ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது" என்றார் கிழவர்.

"தலையையாவது ஆட்டுங்கள்."

"தலையாட்டவும் முடியாது."

இரத்தினசிங்கம் வடைத்தட்டை அவர்கள் முன் நகர்த்தினார். "சரி. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். பதிவு இருக்கிறது என்றால் இன்னொரு வடை எடுங்கள்."

வாலிபரின் கை ஏற்கெனவே வடையை நோக்கிப் பாதித் தூரம் போய்விட்டிருந்தது. அது அந்தரத்தில் நின்றது. கிழவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். கை மெல்லத் திரும்பிப்போய் மடியில் உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு இருவரும் வடையின் பக்கமே பார்க்காமல், மிச்சக் கேள்விகளைச் சுவரைப் பார்த்துக் கேட்டு முடித்தார்கள். பாவம், வாலிபர் போகும்போதும் தட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனார்.

"கை போனது! உமக்கும் தெரிஞ்சதுதானே? கை போனது!" என்று இரத்தினசிங்கம் கூத்தாடினார்.

"அது பசி" என்றாள் புஷ்பராணி. "நான் உளுந்துக்குப் பெருஞ்சீரகம் போட்டனான். ஆருக்கும் கை போகும்."

ஆனால் அவருக்கு நிச்சயமாகிவிட்டது. அன்றைக்கே முறைப்பாட்டை எழுத உட்கார்ந்தார். புஷ்பராணி பேனையைப் பறித்தாள். "பிள்ளை எவ்வளவு பாடுபட்டுப் படிச்சு வந்தவள். அவளின்ரை வாயிலை மண்ணைப் போடாதேயுங்கோ."

"எங்கடை பிள்ளைக்கு இந்த வேலை இல்லாட்டி இன்னொரு வேலை. மற்றப் பிள்ளை றோட்டிலை நிக்குது."

அவள் பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். அவளுக்கும் நிலக்சி பிள்ளைதானே.

நேர்முகத்துக்குப் போகிற வழியில் ரயிலில் இருந்த ஜெனனிக்குத் தகப்பன் முறைப்பாட்டை அனுப்பிய விசயத்தைச் சொன்னார். அவள் உடனே தொலைபேசியை வைத்துவிட்டாள். நேர்முகத்தில் சபைத் தலைவர், வெண்மீசை வைத்த பழைய நீதிபதி, வழக்கமான கேள்வியைக் கேட்டார்: உங்களுக்கு நெருங்கியவர் யாரும் ஒட்டுக்கேட்கப்படுகிறார்களா?

"எனக்குத் தெரியாது" என்றாள் ஜெனனி. "ஆனால் என் அப்பா இந்தச் சபைக்கு ஒரு முறைப்பாடு அனுப்பியிருக்கிறார்."

"தன்னை ஒட்டுக்கேட்டார்கள் என்றா?"

"இல்லை. ஒட்டுக்கேட்டிருந்தால் அதில் அவருக்கு மனத்தாங்கலே இல்லை. கேட்டதைத் திருப்பிப் போட்டுக் காட்டச் சொல்கிறார்."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். தன்னைக் கேட்க வேண்டாம் என்பவனுக்கு அதில் பரிகாரம் இருந்தது. கேட்டதற்கு நன்றி, ஒரு பிரதி தாருங்கள் என்பவனுக்கு ஒரு வரிகூட இல்லை. ஜெனனி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வேலை போய்விட்டது, இனி இருந்தென்ன என்று எழும்பப் பார்த்தாள்.

"இருங்கள்" என்றார் தலைவர். "உங்களுக்கு முன் வந்தவர்கள் எல்லோரும், தங்களுக்கு நெருங்கிய எவரையும் யாரும் கேட்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று உண்மை சொன்னது நீங்கள் ஒருவர்தான்."

இப்படித்தான் ஜெனனிக்கு அந்த நியமனம் கிடைத்தது. தகப்பனின் முறைப்பாடு வரும்போது மட்டும் அவள் வெளியே போக வேண்டும் என்று சொன்னார்கள். அந்த நாளும் வந்தது. கதவுக்கு வெளியே கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். உள்ளே தன் தகப்பனுடைய துயரத்தை யாரோ அந்நியர்கள் மெல்லிய குரலில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நிலக்சியை அவள் கண்டதேயில்லை. படத்தில் பார்த்த இரட்டைப்பின்னல் மட்டும் நினைவில் இருந்தது.

தீர்ப்பு வந்தது. ஒரே வசனம்: 'முறைப்பாட்டாளர் தொடர்பில் சட்டவிரோதமாக எதுவும் நடக்கவில்லை.'

இரத்தினசிங்கத்துக்கு முதலில் சந்தோசம். "சட்டவிரோதமாய் நடக்கேல்லை எண்டால் சட்டப்படி நடந்திருக்கு! அப்ப பதிவு இருக்கு!"

புஷ்பராணிக்கு அன்று பொறுமை போய்விட்டது. "இல்லாட்டி ஒண்டுமே நடக்கேல்லை எண்டும் இருக்கலாம். ஒரு தம்பியும் இல்லை, ஒரு கொம்பியும் இல்லை. இவ்வளவு காலமும் நீங்கள் சுவரோடைதான் கதைச்சனீங்கள்."

சொன்ன மறுகணமே அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நடுவில் ஒருவனும் இல்லையென்றால், தங்கச்சியின் கடைசிக் குரலைக் கேட்டது உலகத்தில் அவர் ஒருவர் மட்டும்தான். அந்த ஒருவரும் அதைச் சரியாகக் கேட்கவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை, வேலைக்கும் போகவில்லை.

சனிக்கிழமை ஜெனனி வீட்டுக்கு வந்தாள். தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். எதற்காக என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். மத்தியானம் அந்தோனிதாசன் எடுத்தார். இரத்தினசிங்கம் வழக்கம்போல ஒலிபெருக்கியை அமத்தினார். சுகம் விசாரித்து முடிந்ததும், "தாசன், கொஞ்சம் பொறு" என்றார்.

"தம்பி, இதுதான் கடைசி. இனி உன்னைக் கரைச்சல் படுத்தமாட்டன். நீ இருக்கிறியோ இல்லையோ எனக்குத் தெரியாது. இருந்தால், அந்தப் பிள்ளையை என்ரை தங்கச்சி எங்கை விட்டவள் எண்டு மட்டும்தான் எனக்குத் தெரிய வேணும். நீ ஆரெண்டு நான் கேக்கமாட்டன். வைக்கிறன்."

அந்தோனிதாசனையும் சேர்த்துத்தான் வைத்தார். சோற்றுக்கு முன்னால் மூவரும் உட்கார்ந்தார்கள். புஷ்பராணி கறியை அள்ளி வைக்கும்போது தொலைபேசி மறுபடி அடித்தது. இலக்கம் காட்டவில்லை. இரத்தினசிங்கம் எச்சில் கையோடு பொத்தானை அமத்தினார்.

யாரோ மூச்சு விடுவது கேட்டது. இளம் ஆண்குரல்.

"அண்ணை, றோட்டிலை இல்லை. றோசிட்டை." ஒரு விழுங்கல். "பூ இல்லை. தையல்காரி."

வைத்துவிட்டான்.

பிறகு புஷ்பராணியின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. "ஐயோ, றோஸ்! கோழி றோஸ்! அவளோடை முகம் பாக்கிறேல்லையே ஞானம்! அவளிட்டையே பிள்ளையை விட்டவள்?" என்று அவள் சிரித்தாள், அழுதாள், தலையில் அடித்துக்கொண்டாள். சண்டைக்காரியிடம் பிள்ளையை ஒப்படைத்திருப்பாள் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளையைத் தேடினார்களே தவிர, முகாமில் றோசைத் தேடச் சொல்லி ஒருவரையும் கேட்கவுமில்லை.

இரத்தினசிங்கம் மகளைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் திக்கென்றது. எதிரே சோற்றுக்கு முன்னால் இருப்பது அவருடைய பிள்ளை மட்டுமல்ல. கேட்கிறவனைக் கேட்கிறவள். வாயைத் திறக்கவே கூடாதவன் ஒருவன் திறந்துவிட்டான். அது இவளுடைய காதிலும் விழுந்துவிட்டது. இவள் நாளைக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தம்பியின் சீவியம் முடிந்தது. சொல்லாமல் விட்டால் இவளுடைய வேலைக்குத் துரோகம்.

ஜெனனி எட்டி ஒலிபெருக்கியை நிறுத்தினாள். கோபத்துக்கும் சட்டத்துக்கும் டெனிஷை எடுப்பவள், இப்போது தமிழில் சொன்னாள்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அப்பா. நானும் ஒண்டும் கேக்கேல்லை."

காதில் விழவில்லை என்பதும், விசாரிக்கவில்லை என்பதும் நம் மொழியில் ஒரே சொல். டெனிஷில் இரண்டு சொல் வேண்டியிருந்திருக்கும். இரத்தினசிங்கம் மகளின் தலையில் எச்சில் படாத கையை வைத்தார்.

றோசைத் தேடச் சொன்னபோது கண்டுபிடிக்க அதிகம் மினக்கெட வேண்டியிருக்கவில்லை. வவுனியா முகாம் ஒன்றில், கிழிந்த சட்டைகளைத் தைத்துக் கொடுத்துக்கொண்டு ஒரு தையல்காரி இருந்தாள். அவளோடு இரட்டைப்பின்னல் போட்ட ஒரு சிறுமியும் இருந்தாள். பிள்ளைக்குப் போட்டிருந்த சட்டை, தன் சேலையொன்றைக் கிழித்து றோஸ் தைத்ததாம்.

பனி கொட்டத் தொடங்கிய நாளொன்றில் நிலக்சியைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் அந்தச் சின்னக்குரல் அறை முழுவதும் நிறைந்தது. சாப்பிட்டதைச் சொன்னாள், றோஸ் அன்ரியைச் சொன்னாள், அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரத்தினசிங்கமும் கேட்கவில்லை. அவர் நடுவிலிருப்பவனோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றி என்று ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் பதிவாகும், பதிவானால் அவன் மாட்டுவான். வாழ்நாளில் முதல்முறையாக அவர் தொலைபேசியில் வாயை அடக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா," என்றாள் பிள்ளை, "உங்கடை போனுக்குள்ளை ஒரு தம்பி இருக்கிறாராம். அம்மா சொல்லிச் சிரிக்கிறவ. இப்பவும் இருக்கிறாரோ?"

இரத்தினசிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதை நான் ஓம் எண்டும் சொல்லேலாது பிள்ளை," என்றார், "இல்லை எண்டும் சொல்லேலாது."